அப்புத்தளைப் பக்கம் போகிறவர்களுக்கு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இலங்கை மலைநாட்டுக்குப் போனால் எல்லவில் அறை போடாதீர்கள். 2024 ஆகஸ்டில் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வந்த பிறகு, லண்டனில் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் காலத்தில் எல்ல என்பது கோச்சி நின்று புறப்படும் ஒரு சின்ன ஸ்டேஷன், அவ்வளவுதான். இப்போது வீதி நெடுகக் கபே, இரவு படுக்கப் போகும் வரை பாட்டுச் சத்தம். ரஷ்ய மொழியில்கூடச் சாப்பாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், தமிழ்ப் பலகையைத்தான் தேட வேண்டியிருந்தது. 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்தை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தங்குவதற்கு அப்புத்தளைதான் சரி.

அப்புத்தளை டவுன் மலை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பண்டாரவளைப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் நேரே கீழே தென் சமவெளி. மேகம் இல்லாத காலையில் உடவளவைக் குளம் பளபளவென்று தெரியும். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கிற காலம்; ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருவதும் அந்தக் காற்றால்தான். நுவரெலியாப் பக்கம் மழை பிடித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் இங்கே வெயில். காற்று மட்டும் ஆளைத் தள்ளும், சுவெட்டர் அவசியம்.

நாங்கள் தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். வெந்நீர் உண்டு என்று போட்டிருந்தார்கள். போன பிறகுதான், அது சூரிய வெப்பத்தில் ஓடுவது, மப்பு என்றால் பச்சைத் தண்ணீர்தான் என்று தெரிந்தது. கேட்டதற்கு, "நேத்து வந்திருந்தா நல்ல சுடுதண்ணி, சேர்" என்றார் பொறுப்பாளர். சாப்பாடு மட்டும் குறை சொல்ல முடியாது. இடியப்பமும் பருப்பும் கட்டச் சம்பலும் காலை ஆறரைக்கே மேசைக்கு வந்துவிடும். அறை எடுக்கும்முன், வெந்நீர் கரண்டிலா வெயிலிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோச்சி விஷயம். நாங்கள் போன நேரத்தில் பதுளை - கொழும்பு வழியில் முன்பதிவு இருக்கைகள் 30 நாளுக்கு முன் திறந்தன, திறந்த கையோடு தீர்ந்தும் போயின. பிறகு ஏதோ ஒரு தரகரிடம் அதே டிக்கட் பல மடங்கு விலைக்குக் கிடைத்தது. எனக்கும் ஒருவர் போன் பண்ணினார், வேண்டாம் என்றுவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்து பகல் முழுக்கக் கோச்சியில் கிடக்கத் தேவையில்லை. அப்புத்தளை ஸ்டேஷனில் அன்றன்றைக்கு முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கட் கொடுப்பார்கள், விலை சொற்பம். இதல்கஸ்ஹின்னவைத் தாண்டி ஒஹிய வரைக்கும் ஒரு தடவை போய் வந்தால் போதும். சுரங்கம் மேல் சுரங்கம், ஒவ்வொன்றிலும் பெட்டி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். என் பிள்ளைகள் பயணத்தில் மிகவும் ரசித்தது அதைத்தான்.

இனி லிப்டன் சீட்: தேயிலை முதலாளி லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் மலையுச்சி. அப்புத்தளையிலிருந்து எல்லா வாகனக்காரர்களும் உச்சிவரை கொண்டுபோய் விடுவதாகத்தான் பேரம் பேசுவார்கள். நீங்கள் தம்பேத்தன்னை பஸ் ஏறுங்கள். விடியற்காலை பஸ்ஸில் ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) வேலைக்குப் போகிறவர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய அந்தத் தேயிலை ஸ்டோர் வாசலில் இறங்கி நடந்தால் உச்சிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், முழுக்கத் தார் ரோடு, இரண்டு பக்கமும் தேயிலை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேலே போக மட்டும் ஓட்டோ பிடித்து, இறங்கும்போது நடக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஓட்டோக்காரத் தம்பி அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். உச்சியில் எங்களை இறக்கிவிட்டுக் கிளம்பவில்லை. "அண்ணே, வாடகை ஒண்ணும் இல்ல, நானும் நடந்தே வாரேன்" என்று ஓட்டோவை மேலேயே நிறுத்திவிட்டு, குறுக்குப் படிகள் வழியாகக் கூட்டிப்போனான். எந்த மலைக்கு எந்த நம்பர், எந்த இடத்தில் புலி கண்டார்கள் (ஊரில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர்), எந்த லயத்தில் இப்போது ஆளே இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். அச்சடித்த வழிகாட்டிப் புத்தகங்களில் லிப்டன் எந்தப் பாறையில் உட்கார்ந்து பார்த்தார் என்பது இருக்கும். இவன் சொன்னது எதுவும் இருக்காது. இப்படிப்பட்ட பையன்களிடம் சுற்றுலா வழிகாட்டி அனுமதிப் பத்திரம் கிடையாது. ஆகவே பெரிய பயண ஏற்பாட்டாளர்கள் இவர்களைக் கூப்பிடுவதில்லை, கொழும்பிலிருந்து வரும் வாகனத்தோடு வரும் ஆளுக்குத்தான் அந்தக் காசு போகிறது. என் கருத்து இது: இந்த மலையில் கிடைக்கிற மிகச் சிறந்த சேவை தோட்டத்து ஆட்கள் தாங்களாக நடத்துவதுதான். வெளியிலிருந்து போகிற நாம் முதலில் அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

இறங்கும் வழியில் ஒரு நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். இடுப்பில் படங்கு, கூடையை நெற்றியில் கொளுவியிருந்தார். எங்களுக்கு முன்னால் போன வெள்ளைக்காரக் கூட்டம் அவரை நிறுத்தி, திருப்பி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துவிட்டுச் சும்மா போயிருந்தது. "சிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்லப்பா, நெறுவ கொறஞ்சா அரைப் பேர்தான் போடுவாங்க" என்றார். தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்காக: பறிக்க வேண்டிய கிலோ கணக்கு நிறையாவிட்டால் அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம்தான். 2021இல் நிர்ணயித்த 1000 ரூபாய்தான் நாங்கள் போன நேரத்திலும் முழு நாள் சம்பளம். எல்லவில் நான் குடித்த ஒரு காப்பியின் விலை அதில் பாதிக்கும் மேல். படம் வேண்டுமென்றால் தமிழில் கேளுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள். அவர் நின்ற நேரத்துக்கு அது கூலி.

உச்சியில் ஒரு சின்னக் கடை உண்டு. சுடச்சுட ரொட்டி, சம்பல், பிளேன்டீ. அங்கே வங்கி அட்டையெல்லாம் செல்லாது, சில்லறை வைத்திருங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குமேல் அங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்து விளிம்பில் பனிமூட்டம் ஏறிவிட்டால் 870 மீட்டர் பள்ளமும் ஒரு வெள்ளைச் சுவர்தான். அப்புத்தளையிலிருந்து ஒஹிய வழியாக வான் பிடித்தோம், ஐந்து மணிக்கு முன்பே. சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டர், சேறும் கல்லும் கலந்தது, சப்பாத்து நல்லதாக இருக்க வேண்டும். வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் உறையை வாங்கிக் கடதாசியில் மாற்றித் தருகிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுகிறார்கள். உள்ளே பாதை நெடுக ஒரு குப்பை காண முடியாது. இந்த ஒரு விஷயத்தில் இலங்கை முழுவதும் இவர்களிடம் பாடம் படிக்கலாம். கட்டணம் இரண்டு வகை: உள்ளூர்க்காரருக்கு ரூபாயில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மலைநாட்டில் பிறந்த கதையெல்லாம் டிக்கட் கவுண்டரில் எடுபடாது. கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் காட்டைப் பார்த்தபின் கொடுத்த காசுக்கு வருத்தம் இல்லை.

தியலும பற்றி ஒரு எச்சரிக்கை. 220 மீட்டர் அருவியின் கீழ்ப்பக்கம் கொஸ்லந்தை ரோட்டிலிருந்தே தெரியும். இப்போது எல்லாரும் போவது மேலே உள்ள தடாகங்களுக்கு, குளிக்க. பாறை வழுக்கும். மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயிலிலேயே தண்ணீர் ஏறும். உள்ளூர் ஆள் துணையில்லாமல் போக வேண்டாம். பூனாகலை வழியாகப் போனால் மகல்தெனியப் பக்கம் வரும். 2014 அக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவில் லயங்களோடு எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கம்தான். சுற்றுலா வாகனங்கள் அங்கே நிற்பதில்லை. நாங்கள் நின்றோம். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டதற்குத் தேத்தண்ணி வந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக. பல நாள் நடக்கிறவர்களுக்கு பீக்கோ டிரெயில் வந்திருக்கிறது: கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பகுதி பழைய தோட்டத்துப் பாதைகள். அப்புத்தளைப் பக்கத்துத் துண்டு ஒன்றை மட்டும் நடந்தோம், நன்றாக இருந்தது. அட்டைக் கடிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள், விலை கூடிய ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அவசரத்துக்கு 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். மலசலகூடம்தான் பெரிய குறை. தோட்டத்துப் பாதையில் கிடைக்காது, பெண்கள் டவுனிலேயே போய்விட்டுக் கிளம்புவது நல்லது. மலைமேல் போன் சிக்னல் வரும், போகும். திரும்பி வருவதற்கான ஓட்டோவையும் வாடகையையும் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.