தினசரி மாத்திரையா, ஆறு மாத ஊசியா?

தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. இல்லாத கர்ப்பிணிகளுக்கு அது தொற்றாமல் தடுக்கும் மருந்து என்றால் பெரும்பாலும் டெனோஃபோவிர் கலந்த தினசரி மாத்திரைதான். விலை குறைவு, கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்பதற்குப் பல ஆண்டு ஆதாரமும் இருக்கிறது. சிக்கல், தினமும் விழுங்குவதில்தான். கர்ப்பத்தின்போது உடலில் மருந்தின் அளவு குறைகிறது, அதனால் வேளை தவறக் கூடாது. ஆனால் வாந்தியும், டப்பாவைக் கணவர் பார்த்துவிடுவாரோ என்ற பயமும் தவறவிடவே வைக்கின்றன.

லெனகாபவிர் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். தொடங்கும்போது மட்டும் இரண்டு நாள் மாத்திரையும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த பர்பஸ் 1 ஆய்வில் இந்த ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. நடுவில் கர்ப்பமானவர்களும் ஆய்வில் தொடர முடிந்தது, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். மாத்திரையை மறைக்க வேண்டிய வீட்டில் இருப்பவருக்கு நான் ஊசியைத்தான் சொல்வேன்.