பத்து சென்ட் மண்ணுக்கு மருந்து வைப்பதா, வெயிலில் வேகவைப்பதா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் என் பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் கூரை போட்ட பயிர்வீடு, பத்து சென்ட். எருத்தேம்பதியில் மச்சானுடையதும் அதே அளவு. இரண்டிலும் சாலட் வெள்ளரி. மூன்றாவது பயிரில் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி வந்தது. நடுப்பகலில் கொடி துவண்டு தொங்கும், சாயங்காலம் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க இஞ்சி மாதிரி முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத புழு. 2022 ஏப்ரலில் பயிரை எடுத்துவிட்டு நான் மண்ணுக்கு மருந்து வைத்தேன், மச்சான் பாலித்தீன் தாள் விரித்தார். அடுத்த வருஷம் நானும் தாளுக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நான் வைத்தது டசோமெட் குருணை. சதுர மீட்டருக்கு 30 முதல் 50 கிராம் என்ற கணக்கில் தூவி, ஓரடி ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கலந்து, தண்ணீர் விட்டுத் தாளால் மூடவேண்டும். ஈரம் பட்டதும் அது மெத்தில் ஐசோதயோசயனேட் என்ற வாயுவாக மாறி மண் துளைகளுக்குள் பரவும். மெட்டாம் சோடியம் என்று திரவமாக வருவதும் கடைசியில் இதே வாயுதான். போபாலில் 1984-ல் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் பொருள் வேறு. ஆனாலும் தாளைத் தூக்கிய அன்று கண்ணில் தண்ணீர் கொட்டியபோது அந்த வித்தியாசம் பெரிதாக ஆறுதல் தரவில்லை. இதற்கு முன்னால் இந்த வேலைக்கு இருந்த மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. வளர்ந்த நாடுகளுக்கு 2005, நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2015 கெடு.

மச்சான் செய்தது 1976-ல் இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் கூட்டாளிகளும் எழுதி வெளியிட்ட முறை. மண்ணை நன்றாக நனைத்து, மெல்லிய நிறமில்லாத தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களைப் புதைத்து, நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவது. எங்கள் பக்கம் மழை குறைவு, மார்ச் ஏப்ரல் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலிஹவுஸ் கதவையும் சாத்திவிட்டால் உள்ளே அடுப்புதான்.

செலவு, ஆள்கூலி எல்லாம் சொல்லாமலே தெரியும். தாள் மலிவு, மருந்து விலை அதிகம், ஆனால் மருந்தில் நாள் மிச்சம். நூற்புழுவைக் கொல்வதில் மருந்துதான் கெட்டி. அதை மறைக்க மாட்டேன். முதல் பயிரில் என் வேர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன, மச்சானுக்கு அங்கங்கே முடிச்சு தெரிந்தது. சூடு மேல்மண்ணில்தான் நிற்கும். நூற்புழுவில் ஒரு பங்கு கீழே இறங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் மண்ணில் இருப்பது நூற்புழு மட்டுமா? ஒரு மருந்து மண்ணில் வாழ்கிறவைகளை என்ன செய்யும் என்று பார்க்க ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை முறைகள் இருக்கின்றன. 1984-ல் வந்த 207-ம் எண் முறையில் 70 சதம் மணல், 20 சதம் கயோலின் களிமண், 10 சதம் பீட் என்ற சதுப்புநில மக்கு கலந்த செயற்கை மண்ணில் மண்புழுவை 14 நாள் விட்டு, எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள். 222-ம் எண் முறை எட்டு வாரம். நாலு வாரத்தில் தாய்ப்புழுவை எடுத்துவிட்டு, அடுத்த நாலு வாரத்தில் எத்தனை குஞ்சு வந்தது என்று பார்ப்பது. மண்ணில் துள்ளுகிற வால்துள்ளிப் பூச்சிக்கு 28 நாள் சோதனை தனியாக உண்டு. பாக்டீரியாவுக்கு 216: மருந்து போட்ட மண்ணும் போடாத மண்ணும் நைட்ரேட் உண்டாக்கும் வேகத்தில் 28-ம் நாள் 25 சதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 100 நாள் வரை தொடர்ந்து பார்க்கவேண்டும்.

நல்ல சோதனைகள்தான். ஆனால் எனக்கு வேண்டிய கேள்விக்கு ஜாடியில் பதில் கிடையாது. மண்ணுக்கு வைக்கிற புகைமருந்து மண்புழுவைக் கொல்லுமா என்று கேட்பதில் அர்த்தமில்லை, கொல்லத்தான் வைக்கிறோம். போனது திரும்பி வருமா, எங்கிருந்து வரும், வர எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

எண்ணிப் பார்க்க எங்களிடம் இருந்தது கடுகு. கடுகைப் பொடித்து வாளித் தண்ணீரில் கரைத்து, அரை மீட்டர் சதுரத்தில் மெதுவாக ஊற்றினால் கால் மணி நேரத்தில் மண்புழு நெளிந்துகொண்டு மேலே வரும். உடனே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி விடவேண்டும், இல்லையென்றால் துடித்தே செத்துவிடும். கடுகின் காரம் அல்லைல் ஐசோதயோசயனேட், என் மருந்து வாயுவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. கடுகுத் தண்ணீர் ஊற்றினால் புழுவுக்கு மேலே வர வழி இருக்கிறது. நான் வைத்த மண்ணில் மேலே தாள் மூடியிருந்தது.

ஆகஸ்டில் இரண்டு இடத்திலும் நாலு நாலு சதுரம் பார்த்தோம். மச்சானிடம் ஏழு புழு. என்னிடம் ஒன்றுகூட இல்லை. “புழுவ வாங்கி விட்டாப் போச்சு மச்சான்” என்றேன். “நீ வாங்குறது எருக்குழிப் புழு மாப்ளே, இந்தக் கரிசல்ல அது எத்தன நாள் கெடக்கும்?” என்றார். அவர் சொன்னது சரி. மண்புழு உரத்துக்கு விற்கிற ஐசீனியா ஃபெட்டிடா குப்பையில் வாழ்கிற ஜாதி. சோதனை ஜாடியில் பெரும்பாலும் போடுவதும் அதைத்தான். நம் வயலில் இருக்கிற லாம்பிட்டோ மௌரிட்டி மண்ணைக் குடைந்து வாழ்கிற ஜாதி, அது கடையில் கிடைக்காது.

திறந்த வயலாக இருந்தால் வரப்பிலிருந்து, பக்கத்து நிலத்திலிருந்து ஊர்ந்து வரும். மண்புழுக் கூட்டம் பரவுவதே வருஷத்துக்குச் சில மீட்டர்தான். பாலிஹவுஸ் ஒரு தீவு. சுற்றிலும் தாளைப் புதைத்து, வெளியே ஜல்லி போட்டு வைத்திருக்கிறோம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது என்னிடம் இரண்டே புழு, இரண்டும் கதவுப் பக்கம். அதே ஒரு வருஷத்தில் நூற்புழு சுலபமாகத் திரும்பிவிட்டது. நாற்று வேரில் வரும், மண்வெட்டியில் ஒட்டி வரும், அடிமண்ணிலிருந்து ஏறி வரும். அதைத் தின்கிற பூஞ்சையும் மண் சிற்றுண்ணியும் இல்லாத வீட்டில் தடுக்க யார் இருக்கிறார்கள்? எனக்கு இரண்டாவது பயிரிலேயே முடிச்சு வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், நிரூபிக்க என்னிடம் வழியில்லை.

இன்னொரு அடியும் பட்டது. மருந்துக்குப் பின் நட்ட நாற்றுகளின் இலை ஓரம் கருகியது. வாயு போயிருக்கிறதா என்று கீரை விதை முளைக்க வைத்துப் பார்த்துத்தான் நட்டேன், விதை நன்றாக முளைத்தது. பிறகுதான் புரிந்தது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாவும் மருந்தில் போய்விட்டால், போட்ட எருவின் அம்மோனியா மண்ணிலேயே தேங்கும். வேம் என்று பாக்கெட்டில் விற்கிற வேர் உட்பூசணமும் இந்த மருந்துக்குத் தாங்காது.

வெயில் முறையும் சாது இல்லை. மேல் நாலு விரல்கடை மண்ணில் இருப்பவை வெந்துதான் போகும். ஆனால் அது கொல்வது மேலிருந்து கீழாக. மண்புழு ஈரத்தைத் தேடி இறங்கிவிடும், வெப்பம் தாங்குகிற பேசில்லஸ் மாதிரி பாக்டீரியா மிஞ்சும். திரும்பி வர விதை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நான் வெயில் முறை செய்தது இரண்டு கோடை, அதுவும் கரிசலில், மூடிய வீட்டுக்குள். நெல்லியாம்பதி, மூணாறு பக்கம் இது எடுபடும் என்று சொல்ல மாட்டேன். ஜூனில் மழை இறங்கிவிட்டால் இங்கேயே வேலைக்கு ஆகாது. ஒரு சின்ன நாற்றங்கால் பாத்தி, அவசரம் என்றால் இப்போதும் மருந்தை யோசிப்பேன்.

இந்த வருஷம் வடகிழக்கு மூலையில் மூன்று கொடியில் முடிச்சு தெரிகிறது. அந்த இடத்தில் வேப்பம் புண்ணாக்கு போட்டுச் செண்டுமல்லி நட்டிருக்கிறேன். மச்சான் அது போதாது என்கிறார்.