கும்பகோணத்தில் ஒரு மாடி ஷேர் ஆபீஸ்: ஆயிரம் ரூபாய்க்காரனின் அனுபவம்

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் எனக்கு வேலை. வாரக்கூலி. ஏலச்சீட்டில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, மாதம் ஆயிரம் ரூபாயை ஷேரில் போட்டுப் பார்ப்போம் என்று போன வருடம் கும்பகோணத்தில் ஒரு புரோக்கர் கிளைக்குப் போனேன். போனிலேயே கணக்குத் தொடங்கலாம், தெரியும். ஆனால் ஏதாவது தப்பு நடந்தால் நேரில் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

கணக்குத் தொடங்கித் தந்த பெண்ணுக்கு முழு மார்க். ஆதாரில் பழைய நம்பர் இருந்ததால் எனக்கு ஓடிபி வரவில்லை. முகம் சுளிக்காமல், அதை எங்கே போய் மாற்றுவது என்று எழுதிக் கொடுத்தார். நாமினி இல்லாமல் விடவே இல்லை. "அண்ணே, அக்கா பேரைப் போடுங்க, அப்புறம் மறந்துடுவீங்க." முதல் ஆர்டரையும் என் கையாலேயே போட வைத்தார். நிஃப்டி பீஸ் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்த ஃபண்ட்) ஒரு யூனிட், சிட்டி யூனியன் பேங்க் மூன்று பங்கு. இரண்டாவது என் ஆசை. 1904-இல் கும்பகோணம் பேங்க் என்று இதே ஊரில் தொடங்கியதாயிற்றே. மாமியார் வளையல் அடகில் இருக்கும் பேங்குக்கு மாப்பிள்ளையும் ஒரு முதலாளி என்று வீட்டில் இரண்டு நாள் கிண்டல் ஓடியது.

விற்றபோதுதான் சங்கதி புரிந்தது. தீபாவளிச் செலவுக்கு அந்த மூன்று பங்கையும் கொடுத்தேன், ஏறக்குறைய 600 ரூபாய். டிபி கட்டணம், அதாவது பங்கு இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து அதை விற்று வெளியே எடுப்பதற்கான கட்டணம், 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 23 ரூபாய் 60 காசு பிடித்திருந்தார்கள். புரோக்கரேஜும் வரியும் தனி. 60,000 ரூபாய்க்கு விற்றிருந்தாலும் அதே 23.60தான். பெரிய கைக்கு அது தூசு, எனக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய். கட்டணப் பட்டியலில் எல்லாம் இருந்தது, பொடி எழுத்தில். வாயால் யாரும் சொல்லவில்லை.

அதைவிட எரிச்சல், டீமேட் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் என்று 354 ரூபாய் போனது. பி.காம் படிக்கும் முதலாளி மகன்தான் சொன்னான்: ஒரே ஒரு டீமேட் கணக்கு வைத்திருப்பவருக்கு அடிப்படைச் சேவை டீமேட் என்று ஒன்று உண்டு; 2024 செப்டம்பரிலிருந்து கையிருப்பு 4 லட்சம் வரை அதற்கு ஆண்டுக் கட்டணமே கிடையாது. போய்க் கேட்டேன். "அது இருக்கு சார், மெயில் போடுங்க" என்றார் மேனேஜர். அண்ணன் சாராகிவிட்டேன்! மாற்றிக் கொடுத்தார்கள். போன 354 போனதுதான்.

ஆப்ஷன் வகுப்புக்கு வாராவாரம் கூப்பிடுகிறார்கள். விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற வியாபாரம் அது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம். அந்த வகுப்பு எனக்கு வேண்டாம்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கணக்கு இன்னும் அங்கேதான். இப்போது மாதம் ஒரு தடவை வாங்குவதோடு சரி, துண்டு துண்டாக விற்பதில்லை. போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள். மார்க்கெட் இல்லாத நாள் என்பதால் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.