நானோகுழாயைத் தண்ணீரில் நிறுத்திவைக்க நான் புழங்கிய பாலிமர்கள்: ஐந்து வருட அனுபவம்

ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாயை (ஓரணுத் தடிமன் கார்பன் தாளைச் சுருட்டியதுபோன்ற நுண்குழாய்) தண்ணீரில் "கரைக்கிறோம்" என்றுதான் லேபில் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது கரையாது, பிரித்து மிதக்கவிடலாம், அவ்வளவுதான். இரண்டு குழாய்கள் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு நானோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய அரை எலக்ட்ரான் வோல்ட் பிடிப்பு. ஒரு மைக்ரான், அதாவது ஆயிரம் நானோமீட்டர், நீளம் ஒட்டியிருந்தால் 500. அறை வெப்பத்தின் உதறல் வெறும் 0.025 என்பதால் அவை தானாகப் பிரிய வழியே இல்லை. சோனிகேட்டரால் (மீயொலி அதிர்வு தரும் கருவி) அடித்து விலக்கி, அந்த இடைவெளி மூடுவதற்குள் வேறொன்றை நடுவில் நுழைக்க வேண்டும்.

முதல் வருடம் எல்லோரையும்போல எஸ்டிஎஸ்தான், மின்னூட்டமுள்ள ஒரு சோப்புவகைப் பொருள். மலிவு, வேலையும் செய்யும், நுரைதான் உயிரை வாங்கும். ஆனால் அதன் மூலக்கூறுகள் டவுன் பஸ் பயணிகள் மாதிரி, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் விட்டு நீர்த்தால் குழாயை விட்டு இறங்கிவிடும், கொஞ்சம் கூடுதலாக உப்பு சேர்த்தால் மின்விலக்கு செத்துப்போய்ப் பால் திரிந்ததுபோல் கறுப்புத் துணுக்குகள் அடியில் தங்கும். ஒரு மாத வேலையை பஃபரில் (உப்புகள் கலந்த கரைசல்) ஊற்றி இப்படித் தொலைத்தேன்.

பாலிமர் அப்படி லேசில் இறங்காது. நீளச் சங்கிலி, குழாயை நூறு இடத்தில் தொட்டிருக்கும், ஒன்று விட்டாலும் மற்றவை பிடித்திருக்கும். 2001இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஸ்மாலியின் குழு பிவிபி (பாலிவினைல்பிரோலிடோன்) என்ற பாலிமரைக் குழாயின்மேல் சுற்றித் தண்ணீரில் நிறுத்திக்காட்டியது. எனக்கும் நின்றது, ஆனால் அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் வந்ததுதான் ப்ளூரானிக் எஃப்127, மூன்று துண்டுகள் கோர்த்த பாலிமர். நான்கு வருடமாக இதுதான். நடுத்துண்டு தண்ணீருக்குப் பிடிக்காதது, குழாயில் ஒட்டும். இரு முனைகளும் தண்ணீருக்குள் தாடிபோல் நீட்டிக்கொண்டு அடுத்த குழாயை நெருங்கவிடாது. மின்னூட்டத்தை நம்பாததால் உப்புக்கும் அசையாது. என் வழக்கம்: 20 மில்லி தண்ணீர், 200 மில்லிகிராம் எஃப்127, 10 மில்லிகிராம் குழாய், ஐஸ் தொட்டியில் பீக்கரை இறக்கி விட்டுவிட்டு அரைமணி நேரம் ப்ரோப் சோனிகேஷன். நிறுத்தியதும் எல்லாமே மசிபோல் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்பதை எடுத்து உறிஞ்சல் நிறமாலை (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) பாருங்கள், சிகரங்கள் கூர்மையாக இருந்தால்தான் தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. இன்னும் நன்றாகப் பிரியட்டும் என்று இரண்டு மணி நேரம் அடித்தால் குழாயும் துண்டாகும், பாலிமர் சங்கிலியும் அறும்.

ஒரு வேடிக்கை, இதன் 20 சதவீதக் கரைசல் ஃப்ரிட்ஜில் தண்ணீராக இருக்கும், மேஜையில் வைத்தால் ஜெல்லியாகும். முதல் தடவை பார்த்தபோது கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட்டேன். திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் இளகியிருக்கும்.

குறையும் உண்டு. காயவைத்து ஃபிலிமாக்கினால் குழாய்களுக்கிடையே பாலிமர் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும், மல்டிமீட்டர் 'ஓஎல்' (அளவு மீறிய மின்தடை) என்றே காட்டியது. இரவு முழுக்கத் தண்ணீரிலும் பிறகு எத்தனாலிலும் ஊறவைத்த பிறகுதான் ஏதோ எண் வந்தது. இறுகப் பிடிப்பது நமக்கு வேண்டும், பிறகு விட்டுப்போகவும் வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தரும் பாலிமரை இன்னும் நான் பார்க்கவில்லை.

நடுவில் அரபிப் பிசினையும் முயன்றேன். கரியைப் பிசினில் நிறுத்தி மை செய்வது பழைய எகிப்தியர் காலத்து வேலை, அதே உத்தி நானோகுழாய்க்கும் செல்லும் என்று 2002இல் ஒரு இஸ்ரேலியக் குழு காட்டியது. பிரமாதமாகப் பிரிக்கிறது. ஆனால் மரத்துப் பிசின் அல்லவா, வாங்கிய இரண்டு பாட்டில்களும் இரண்டு விதமாக இருந்தன, விற்றவரைக் கேட்டால் இயற்கைப் பொருள் அப்படித்தான் சார் என்றார். மூன்றாவது வாரம் கரைசலில் பூஞ்சை வேறு.

வாங்கும் குழாய்களில் உலோகம்போல் கடத்துபவையும் குறைக்கடத்திகளும் கலந்தே இருக்கும். குறைக்கடத்திக் குழாய் மட்டும் வேண்டுமென்றால் தண்ணீரை விட்டு, தொலுயீன் என்ற கரைப்பானில் பாலிஃப்ளோரீன் என்ற பாலிமரைப் போடுங்கள். அதன் விறைப்பான சங்கிலி குழாயின் நீளவாக்கில் படிந்து சில வகைகளை மட்டும் பொறுக்கும், உலோகக் குழாய்கள் சென்ட்ரிஃபியூஜில் அடிக்குப் போய்விடும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும், கழற்றுவதும் பிவிபியைவிடக் கஷ்டம். டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு வேறு வழி குறைவு.

இப்போது என் அலமாரியில் எஃப்127 டப்பா முன்வரிசையில், எஸ்டிஎஸ் அதன் பக்கத்தில். பிவிபி போன மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிக் கட்டிதட்டிப் போனது, அதற்கப்புறம் திறக்கவில்லை.