நாலாவது மாடி இங்லீஷ் கிளாஸும் நம்ம ‘தள்ளிப்போடு’வும்

ரங்கூன் டவுன்ல, அனோரதா ரோடு காளியம்மன் கோயில்ல இருந்து நடக்குற தூரத்துல ஒரு இங்லீஷ் கிளாஸ், 8 வாரம் போயிட்டு இப்பதான் முடிச்சேன். பேரு போடல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன். ஃப்ரேசல் வெர்ப், அதாவது புட், கால் மாதிரி ஒரு சின்ன வினையோட ஆஃப், அப்னு ஒரு வார்த்தைய ஒட்டி வேற அர்த்தம் வர்றது, அத மட்டும் தனியா எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் 90,000 கியாட் கட்டி சேர்ந்தேன்.

இதுக்குப்போய் காசான்னு வீட்ல கேட்டாங்க. நான் கார்கோ ஆபீஸ்ல வேலை, தினமும் சிங்கப்பூர்காரங்க மெயில். ஸ்கூல்ல போஸ்ட்போன், கேன்சல், டாலரேட்னு பெரிய வார்த்தையா மனப்பாடம் பண்ணி வந்தாச்சு, ஆனா அதே அர்த்தத்துக்கு இவங்க எழுதுறது எல்லாம் புட் ஆஃப், கால் ஆஃப், புட் அப் வித். ஒருநாள் ஒருத்தர் மீட்டிங் கால்டு ஆஃப்னு அனுப்பினாரு, கால்னு இருக்கே போன் பண்ணுவாரு போலன்னு நானும் சோறு திங்கக்கூட எந்திரிக்காம போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், கடைசில பாத்தா மீட்டிங்கே இல்லன்னு சொல்லியிருக்காரு மனுசன்.

கிளாஸ்ல உருப்படியா நடந்தது மூணாவது வாரம், அதுவும் கரண்டு போனதால. சயாமா (பர்மீஸ்ல டீச்சரம்மா) சார்ஜ் லைட்ட போட்டுட்டு போர்டுல லைட்ஸ் வென்ட் ஆஃப்னு எழுதினாங்க. சரி, கோ ஆஃப்னா அணையுறது, புரிஞ்சுதுன்னு எழுதிக்கிட்டோம். உடனே அலாரம் வென்ட் ஆஃப்னா என்னன்னு கேட்டாங்க, நின்னுபோச்சுன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம், தப்பு, அலாரம் அடிச்சுதுன்னு அர்த்தமாம்! பால் வென்ட் ஆஃப்னா கெட்டுப்போச்சு. கரண்டு போனா நம்ம வீட்டு ஃபிரிட்ஜுல பாலும் போகுது, ஆக ரெண்டு கோ ஆஃப் தெனம் நம்ம வீட்லயே நடக்குது, பேருதான் தெரியாம இருந்திருக்கோம். அப்புறம் கரண்டு வந்து தெருவே மீ லா ப்யீன்னு (கரண்டு வந்துருச்சுன்னு) கத்தினப்ப, இதுக்கு கேம் பேக் ஆன்னு சொல்லிக்கொடுத்தாங்க. அன்னைக்குப் படிச்சது ஒண்ணுகூட மறக்கல.

அதே மாதிரி உருப்படியா இருந்தது, வெர்ப்ப பிரிச்சு நடுவுல வேற வார்த்தைய போடுற விசயம். டர்ன் ஆஃப் த ஃபேன், டர்ன் த ஃபேன் ஆஃப், ரெண்டும் சரி. ஆனா இட் வந்துட்டா டர்ன் இட் ஆஃப் மட்டும்தான், டர்ன் ஆஃப் இட்னு சொல்லக்கூடாது. லுக் ஆஃப்டர்ல பிரிக்கவே கூடாது, லுக் ஆஃப்டர் ஹர்தான். நான் இத்தனை வருசமா ஆபீஸ்ல ஃபில் அப் இட்னுதான் சொல்லிட்டிருந்தேன், ஒருத்தனும் திருத்தல.

குறைன்னா அந்த ஜெராக்ஸ் பேப்பர். வாரத்துக்கு 40 வெர்ப், ஏ பி சி வரிசைல, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரே ஒரு பர்மீஸ் அர்த்தம். மேக் அப்புக்கு பவுடர் பூசுறதுன்னு போட்டிருக்கு. சண்டை போட்டவங்க சமாதானம் ஆகுறதும் மேக் அப், இல்லாத கதைய கட்டி விடுறதும் மேக் அப், அதெல்லாம் பேப்பர்ல காணோம். இப்படிப் படிச்சா பரீட்சைக்கு ஆகும், மெயில் படிக்க ஆகாது. 12 பேர்தான்னு சொல்லிட்டு 25 பேர ஒக்கார வெச்சாங்க, அது வேற.

நான் அந்த பேப்பர வீட்டுக்கு கொண்டுவந்து பக்கத்துலயே தமிழ எழுத ஆரம்பிச்சேன். புட் ஆஃப்னா தள்ளிப்போடு, அங்கயும் போடு இங்கயும் போடு! கிவ் இன்னா விட்டுக்கொடு, லுக் ஆஃப்டர்னா பாத்துக்கோ. அட நம்மளும் இதத்தான பொறந்ததுல இருந்து பண்றோம், ஒரு சின்ன வினையோட இன்னொண்ண ஒட்டி புது அர்த்தம் எடுக்குறது. எல்லாத்துக்கும் ஒத்து வராது, டேக் ஆஃப்டர்னா அப்பன உரிச்சு வெச்சிருக்குறது, லுக் ஆஃப்டர் தெரிஞ்ச தைரியத்துல அதத் தொட்டா மாட்டிப்பீங்க. இத சயாமாகிட்ட சொன்னப்ப பர்மீஸ்லயும் இப்படி வினை மேல வினை அடுக்குவோமேன்னு சிரிச்சாங்க, அப்ப அத பேப்பர்ல போட்டிருக்கலாம்ல?

சயாமாவுக்காக சேரலாம், பேப்பருக்காக வேணாம். கிளாஸ் நாலாவது மாடில, லிஃப்ட் கிடையாது. கீழ தொங்குற கயித்த இழுத்தா மேல மணி அடிக்கும், சாவிய கிளிப்புல மாட்டி இறக்குவாங்க, ஆனா ஆறு மணிக்குள்ள போயிடுங்க, கிளாஸ் ஆரம்பிச்சுட்டா எவ்வளவு இழுத்தாலும் யாரும் எட்டிப் பாக்குறதில்ல.