“ஆகஸ்ட்ல என்னம்மா நடந்துச்சு?”

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தபோது, டொரன்டோ வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடியாமல் காலடியில் தேங்கி நின்றது. குனிந்து துளையைத் துழாவினால் ஒரு கைப்பிடி முடி. அதற்கப்புறம் தலையணை, கோட்டுக் காலர், பிள்ளைக்குப் பிசைந்து வைத்த சோறு என்று எங்கே பார்த்தாலும் என் முடிதான். மூன்று சுற்றுச் சுற்றிய ரப்பர் பேண்டுக்கு ஐந்து சுற்று தேவைப்பட்டது. வகிடு அகலமாகிக்கொண்டே போனது. குடும்ப மருத்துவர் தோல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். கிடைத்த தேதி ஜூலையில். ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழகியதுதான். ஜனவரியில் அப்பாவைப் பார்க்கத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஜூலைக்கு முன்பே ஊரில் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திருச்சியில் நான் முதலில் போனது ஒரு பெரிய முடி சிகிச்சை மையத்துக்கு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் என்னை உட்காரவைத்து, தலையில் கேமராவை வைத்துப் பெரிய திரையில் காட்டினார். அத்தனை பெரிதாக்கிப் பார்த்தால் எந்தத் தலையும் பொட்டல் காடாகத்தான் தெரியும். பி.ஆர்.பி. ஆறு முறை செய்ய வேண்டும், 48,000 ரூபாய், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, அதைத் தலையில் ஊசியாகப் போடும் சிகிச்சை அது. அது தேவைப்படுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் எனக்கு எப்போதிலிருந்து கொட்டுகிறது, உடம்புக்கு என்ன, என்ன சாப்பிடுகிறேன் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்தபோது கை நடுங்கியது. பயந்து போய் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசக் கூடாது.

மறுநாள் சித்தி சொன்ன தோல் டாக்டரிடம் போனேன். தில்லை நகரில் குறுக்குத் தெருவுக்குத் தெரு கிளினிக்தான், ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு திறக்கும். எனக்கு டோக்கன் 17. எட்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். கட்டணம் 600 ரூபாய். டாக்டர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. தலையைத் தொடுவதற்கு முன்பே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“நவம்பர்ல கொட்ட ஆரம்பிச்சுதுன்னா, ஆகஸ்ட்ல என்னம்மா நடந்துச்சு?”

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆகஸ்டில்தான் அப்பாவுக்கு பைபாஸ். என்னால் உடனே கிளம்பி வர முடியவில்லை. மூன்று வாரம் இரவெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். பகலில் வேலை, வயிற்றுக்கு டீயும் ரொட்டியும்தான். அப்பா தேறிவிட்டார், அந்த அத்தியாயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் நிதானமாகக் காத்திருந்தார்.

அப்புறம் விளக்கினார். ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து விழும். எந்த நேரத்திலும் பத்து முடியில் ஒன்பது வளர்ந்துகொண்டிருக்கும், ஒன்று ஓய்வில் இருக்கும். அதனால்தான் நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வதை யாரும் கவனிப்பதில்லை. பெரிய அதிர்ச்சி, அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி மாதிரி ஒன்று வந்தால் வளர்கிற முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. டெலோஜன் எஃப்ளுவியம் என்று பெயர். இன்றைக்குக் கொட்டுகிற முடிக்குக் காரணத்தை இந்த வாரத்து ஷாம்பூவிலும் தண்ணீரிலும் தேடிக்கொண்டிருந்தேனே, அது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

விரல்களுக்கிடையே ஐம்பது அறுபது முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒன்பது வந்தது. வேர்ப் பக்க நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ். ஓய்வு முடிந்து தானாக விழுகிற முடிக்கு அப்படித்தான் இருக்குமாம். கைக் கருவியால் வகிட்டைப் பார்த்தார். முடிகளின் தடிமன் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது, பரம்பரை வழுக்கையில்தான் தடித்ததும் மெலிந்ததும் கலந்து கிடக்கும் என்றார். முன்நெற்றியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குட்டி முடிகள் நின்றன. அதைக் காட்டி, “இது திரும்பி வந்துட்டு இருக்கும்மா” என்றார். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைப் போடலாமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், அதை ஆரம்பித்தால் முதலில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும், நீ இன்னும் பயந்துபோவாய் என்றார்.

ரத்தப் பரிசோதனை எழுதினார்: ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, பி12. நான் கனடாவிலிருந்து பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை முடிக்காகக் கொண்டு வந்திருந்தேன். மூன்று நாள் அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொன்னார், பயோட்டின் தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டிவிடும் என்று. இது எனக்கு முற்றிலும் புதிய தகவல். காலை ஏழு மணிக்கு லேப் பையன் பைக்கில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான்; சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 11.6. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்பின் சேமிப்பு, வெறும் 14. அதிர்ச்சி முடியைத் தள்ளிவிட்டது, திரும்ப எழுப்ப இரும்பு போதவில்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறோடு. சாப்பாட்டோடு டீ காபி கூடவே கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை.

வீட்டில் வேறு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. “சமயபுரத்துல ஒரு மொட்டை போட்டுட்டு வா, அடர்த்தியா வளரும்” என்றார் அத்தை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-இலிருந்து மொட்டைக்குக் கட்டணமும் கிடையாது. டாக்டரிடம் கேட்டேன். வேண்டுதல் என்றால் தாராளமாகச் செய், அடர்த்திக்காக வேண்டாம் என்றார். முடி முளைக்கிற இடம் தோலுக்கு உள்ளே இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதே இல்லை. மழித்த முடி மழுங்கிய நுனியோடு வருவதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அப்பாவுக்காக அம்மா ஏற்கெனவே வேண்டியிருந்ததால் நான் பூமுடி மட்டும் கொடுத்தேன். அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்கும்போது மனசு லேசானது உண்மை.

அம்மாவின் கரிசலாங்கண்ணி எண்ணெயையும் நான் விடவில்லை. எண்ணெய் முடியின் தண்டுக்கு வழுவழுப்பு தரும், வேருக்குள் போய் எதுவும் செய்யாது என்பது டாக்டர் கருத்து. ஆனால் அம்மா என் தலையைத் தொட்டு எண்ணெய் வைத்து எத்தனை வருடமாயிற்று!

ஊருக்குப் போய்க் காட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் வாரமே டாக்டரைப் பாருங்கள். நான் இரண்டாவது வாரம் போய், ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கிளம்ப அவசரப்பட வேண்டியதாயிற்று. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் எரிந்து தழும்பு போல ஆனாலோ பயணம் வரை காத்திருக்காதீர்கள். அது வேறு வகை.

திரும்பி வந்தும் பிப்ரவரி முழுக்கக் கொட்டியது. மார்ச்சில் குறைந்தது. நான் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளிப்பேன்; அன்றைக்கு விழுவது நான்கு நாள் சேர்ந்த கணக்கு என்று திருச்சி டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். மேயில் ஃபெரிட்டின் 38. ஜூலையில் இங்கே தோல் மருத்துவரைப் பார்த்தபோது திருச்சி ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். அதே பெயரைச் சொல்லி, இரும்பைத் தொடரச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் பின்னலின் நுனி இன்னும் எலிவாலாகத்தான் இருக்கிறது. ஆனால் காதோரமும் நெற்றியிலும் விரல் நீளத்துக்குப் புது முடி, எவ்வளவு வாரினாலும் படியாமல் நிற்கிறது. ரப்பர் பேண்ட் இப்போது நான்கு சுற்று. நேற்று வீடியோவில் அப்பா, “திரும்பு, பின்னாடி காட்டு” என்றார்.