நரம்பு வேதியியலாளர் முன்னுள்ள இரு வழிகள்: ஆராய்ச்சிக் குழுவா, மருத்துவ ஆய்வகமா?

மூளையின் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, அதற்குப் பிந்தைய ஆய்வுப் பணியையும் முடித்த ஒருவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் நிற்கின்றன. சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்து, நிதிக்கு விண்ணப்பித்து, தாம் எழுப்பிய ஒரு கேள்வியைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வது ஒன்று. மருத்துவ வேதியியலில் கூடுதல் பயிற்சி பெற்று, நோயாளிகளின் ரத்தத்தையும் சிறுநீரையும் தண்டுவட நீரையும் அளந்து சொல்லும் ஆய்வகத்தின் இயக்குநராவது மற்றொன்று. இரண்டாவது வழியில் போனவரைப் பற்றி, "அறிவியலை விட்டு நிர்வாகத்துக்குப் போய்விட்டார்" என்று சொல்லும் வழக்கம் ஆராய்ச்சியாளர்களிடையே உண்டு. அது தவறான பேச்சு என்றே கருதுகிறேன். இரண்டு வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பது விளங்கும்.

மாறாமல் இருப்பது அளவீடு. நரம்பு வேதியியல் என்ற துறையே அளக்கும் திறன் வளர வளரத்தான் வளர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் சுவீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சனின் குழு, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை அளந்து காட்டியதற்கு, மிக நுண்ணிய அளவையும் ஒளிர்வைக் கொண்டு அறியும் கருவி அப்போது கிடைத்திருந்தது ஒரு முக்கியக் காரணம். 1960இல் வியன்னா ஆய்வாளர்கள் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டதும் அளவீட்டினால்தான். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான நரம்புக் கடத்திகள் பற்றிய ஆய்வுக்காக 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜூலியஸ் ஆக்சல்ராட், தம் பணி வாழ்வின் முதல் பத்தாண்டை, உணவில் சேர்க்கப்பட்ட வைட்டமின்களைச் சோதிக்கும் ஒரு சேவை ஆய்வகத்தில் கழித்தவர். முனைவர் பட்டம் பெற்றது 1955இல்தான். அவர் சேவை ஆய்வகத்திலிருந்து நரம்பு வேதியியலுக்கு வந்தார். நாம் பேசுபவர் அதே பாதையில் எதிர்த்திசையில் நடக்கிறார். எலியின் மூளையில் நார்அட்ரினலினைப் பிரித்தெடுக்கக் கற்ற கை, அட்ரினல் சுரப்பிக் கட்டியைக் கண்டறிய ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின்களை, அதாவது அட்ரினலின், நார்அட்ரினலின் சிதைவதால் உண்டாகும் பொருள்களை, அளக்கும்போது புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அந்த ரத்தத்தை நோயாளியைப் படுக்கவைத்து எடுப்பதே நல்லது என்பதற்கும், எழுந்து உட்கார்ந்தாலே பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு அளவு கூடிவிடும் என்பதற்கும் அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

மாறுவது, அந்த எண் யாரைப் பற்றியது என்பது. ஆராய்ச்சியில் ஓர் எண் தனியாக நிற்பதில்லை. பன்னிரண்டு விலங்குகளின் சராசரியும் அதன் சிதறலும் சேர்ந்தே ஒரு முடிவைச் சொல்கின்றன; விலகி நிற்கும் ஒரு மதிப்பை, முன்பே வகுத்த விதிப்படி, கணக்கிலிருந்து நீக்கவும் இடமுண்டு. மருத்துவ ஆய்வகத்தில் அந்த விலகல்தான் நோயாளி. ஒரே ஒரு மாதிரி, ஒரே ஒரு முடிவு, அதற்காகக் காத்திருக்கும் ஒரு மருத்துவர் என்பதே அங்குள்ள நிலை.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். காலையில் வந்த ஒரு மாதிரியில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.9 மில்லிமோல் என்று கருவி காட்டுகிறது. இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு அது. உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டிய மதிப்பு. அதே மாதிரியில் கால்சியம் 1.1தான் இருக்கிறது, அதாவது இயல்பில் பாதிக்கும் குறைவு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் கீழே கிடக்கிறது. ஆனால் நோயாளி படுக்கையில் சாய்ந்து, செவிலியருடன் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. அந்தக் குழாயிலிருந்து சிறிதளவு ரத்தம் இந்தக் குழாய்க்குள் வந்துவிட்டால், உப்பிலுள்ள பொட்டாசியம் அளவைக் கூட்டிவிடும். இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும், அந்த நொதி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும்கூட விட்டுவைக்காது. இந்த முடிவை அப்படியே அனுப்பினால், பொட்டாசியம் உண்மையில் இயல்பாக உள்ள ஒருவருக்கு அதைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கிவிடும். முடிவை நிறுத்தி, புதிய மாதிரி கேட்டு, என்ன நடந்தது என்பதை வார்டுக்கு விளக்குவது அறிவியல் இல்லை என்றால் வேறு எதை அறிவியல் என்பது?

சுதந்திரத்தின் தன்மையும் வேறு. ஆராய்ச்சியாளர் தம் செய்முறையை இன்று மாற்றி, நாளை மீண்டும் மாற்றலாம். மருத்துவ ஆய்வகத்தில் ஒரு வேதிப்பொருளின் புதிய தொகுதி வந்தாலே, பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும், ஐ.எஸ்.ஓ. 15189 போன்ற தர நெறிகள் ஒவ்வோர் அடிக்கும் ஆவணம் கேட்கின்றன. ஆராய்ச்சியிலிருந்து வருபவரை அதிகம் தடுமாறச் செய்வது வேறொன்று என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் ஆய்வகச் சட்டப்படி, பெரும்பாலான சோதனைகளுக்கு ஆண்டில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தின் திறனைச் சோதிக்கும் ஐந்து மாதிரிகள் வெளியிலிருந்து வரும். அவற்றின் உண்மை மதிப்பு ஆய்வகத்துக்குத் தெரியாது. அவற்றில் ஒன்றை இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பி, "உங்களுக்கு என்ன வருகிறது?" என்று கேட்டால் உரிமமே பறிபோகலாம். சக ஆய்வாளரிடம் மாதிரியைக் கொடுத்துச் சரிபார்ப்பதை நல்ல பழக்கம் என்று பத்தாண்டுகளாகக் கற்றவருக்கு, அதே செயல் இங்கே குற்றம் என்பது உள்ளே இறங்க நாளாகும்.

நுழைவதற்கும் விலை உண்டு. முனைவர் பட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவில் சிக்கலான சோதனைகள் செய்யும் ஆய்வகத்தை இயக்க விரும்பும் முனைவர், அரசு ஏற்ற ஒரு வாரியத்தின் சான்றிதழைப் பெற வேண்டும். அதற்கு வழக்கமான பாதை, மருத்துவ வேதியியலில் இரண்டாண்டுப் பயிற்சியும் அதன்பின் தேர்வும்; பிரிட்டனில் பாதை இதைவிட நீளம். முப்பதைக் கடந்த வயதில், தாம் வல்லுநராக இருந்த துறையை விட்டு, தைராய்டு, சர்க்கரை, மருந்து அளவு என எல்லாவற்றையும் மாணவரைப் போல உட்கார்ந்து படிக்க மனம் வேண்டும்.

வருமானத்தையும் உறுதியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சிக் குழுவின் ஆயுள் அடுத்த நிதி ஒதுக்கீடு வரைதான்; நோயாளிகளின் மாதிரிகள் வருவது நிற்பதில்லை. அதற்கு ஈடாக நள்ளிரவுத் தொலைபேசியும், தணிக்கைக்கு முந்தைய வாரங்களும், ஆள் பற்றாக்குறையும் இயக்குநரின் பங்கு.

உண்மையான இழப்பை மறைக்கக் கூடாது. இயக்குநராகும் நரம்பு வேதியியலாளர் தம் கேள்வியை இழக்கிறார். நரம்பணுவில் செய்தியை வாங்கும் ஓர் ஏற்பியின்மேல் செரோட்டோனின் என்ற நரம்புக் கடத்தி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பத்தாண்டு யோசித்தவர், அதற்கு விடை காணாமலே நகர்கிறார். விடையை வேறு யாரோ எழுதுவார்கள். கேள்வியே உயிர் என்று இருப்பவர் இந்த வழிக்கு வரக் கூடாது. வந்தால் அவரும் வாடுவார், ஆய்வகமும் வாடும்.

இரண்டையும் ஒரு கூரையின் கீழ் வைக்கும் வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுவீடனில் கோத்தன்பர்க் அருகே மோல்ண்டாலில் உள்ள மருத்துவ நரம்பு வேதியியல் ஆய்வகம், நோயாளிகளின் தண்டுவட நீரை அன்றாடம் சோதிக்கிறது. கார்ல்சன் பணியாற்றிய கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் கய் பிளென்னோவும் ஹென்ரிக் செட்டர்பெர்க்கும் அங்கிருந்துதான் அல்சைமர் நோயின் உயிர்க்குறிகள், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் உடல் வேதிப்பொருள்கள், பற்றிய ஆய்வில் முன்னின்றார்கள். அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதத் துண்டு கண்ணாடியிலும் பாலிஸ்டைரினிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பாலிபுரொப்பிலீன் குழாயில்தான் தண்டுவட நீரைச் சேகரிக்க வேண்டும். தவறான குழாயில் எடுத்தால் அளவு குறைந்து காட்டும். அளவு குறைவதுதான் அல்சைமருக்கும் அடையாளம் என்பதால், குழாயின் பிழை நோயின் வேடத்தில் வந்து நிற்கும். இந்த ஓர் இடத்தில் ஆராய்ச்சியாளரின் அறிவும் இயக்குநரின் பொறுப்பும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. ஆனால் இத்தகைய ஆய்வகங்கள் மிகச் சில. அதை நம்பி மட்டும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. சோதனைக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போவது மூன்றாவது வழி. அங்கே அளவீட்டுக் கலை உண்டு, நோயாளி தொலைவில் இருக்கிறார்.

என் தீர்ப்பு இது: ஆராய்ச்சிக் காலத்தில் எந்த வேலை நேரம் போவதே தெரியாமல் செய்ய வைத்தது என்பதை நேர்மையாக நினைத்துப் பார்க்க வேண்டும். கட்டுரையின் விவாதப் பகுதியை எழுதியபோதா, இல்லை, கருவியின் குறிப்பை அளவாக மாற்ற உதவும் அளவுக்கோடு ஏன் மேல்முனையில் வளைகிறது என்று கண்டுபிடிக்க இரவெல்லாம் கருவியோடு உட்கார்ந்திருந்தபோதா? முதலாவது என்றால், நிதிக் கவலையோடேனும் ஆராய்ச்சியிலேயே இருக்கலாம். இரண்டாவது என்றால், பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் போய் நிற்கலாம். அதிகாலையில் அங்கே முதலில் ஓடுவது நோயாளியின் மாதிரி அன்று, கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் தரக்கட்டுப்பாட்டு மாதிரி. அதன் புள்ளி நேற்றைய புள்ளியைவிடச் சற்று மேலே விழுந்திருப்பதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே அவர் கை முந்தைய பத்து நாள் புள்ளிகளைத் தேடிப் புரட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.